பெருநாடிப் பலூன் பம்ப்: இருதய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் தாதியருக்கான வழிகாட்டி

கொழும்பில் உள்ள வைத்தியசாலை ஒன்றின் இருதய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இடமாற்றம் பெற்று வந்து, பெருநாடிக்குள் பலூன் பம்ப் செலுத்தப்பட்ட நோயாளியை முதன்முறையாகப் பொறுப்பேற்கவிருக்கும் தாதிய உத்தியோகத்தருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. உங்கள் பிரிவில் எழுத்தில் உள்ள நடைமுறையும், வைத்திய நிபுணரின் கட்டளையும், இயந்திரத்தோடு வந்த கைநூலும் இதற்கு மேலானவை. அவற்றை விளங்கிக்கொண்டு பின்பற்ற இது துணைபுரிந்தால் போதும். இயந்திரத்தின் பொத்தான்களைக் கற்க ஒரு பிற்பகல் போதுமானது. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் வேளையிலும் போர்வையை விலக்கி நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம்தான் வருவதற்கு நாளெடுக்கும். பலூன் பம்பால் வரக்கூடிய மோசமான கேடுகள் பலவற்றை அந்த இயந்திரத்தால் அறிய முடியாது என்பதே அதற்குக் காரணம்.

பம்ப் செய்யும் வேலை

தொடையின் மேற்புறத்து நாடி வழியாகக் கதீற்றர் எனும் மெல்லிய குழாய் செலுத்தப்பட்டு, அதில் உள்ள நீளமான பலூன் இறங்கு பெருநாடியில் நிறுத்தப்படுகிறது. அதன் நுனி, இடது கைக்குச் செல்லும் நாடி பிரியும் இடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் கீழேயும், அதன் அடிப்பகுதி சிறுநீரக நாடிகளுக்கு மேலேயும் இருக்க வேண்டும். இதயம் தளர்ந்து பெருநாடி வால்வு மூடியவுடன் பலூன் விரிகிறது. அப்போது பெருநாடியில் அமுக்கம் உயர்ந்து, இதயத் தசைக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகளுக்குள் கூடுதல் குருதி செல்கிறது. அடுத்த சுருக்கம் தொடங்குவதற்குச் சற்று முன் பலூன் சட்டெனச் சுருங்குவதால், இடது இதயவறை குறைந்த தடையை எதிர்த்துக் குருதியை வெளியேற்றுகிறது. ஹீலியம் மிக இலேசான வாயு என்பதால், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் வழியே விரைந்து போய்வர அதையே பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் பம்ப் இதயத்துக்கு உதவுமேயொழிய அதன் இடத்தை நிரப்பாது. சுருங்கவே மாட்டாத இதயத்துக்கு இதனால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். இடது இதயவறைக்குள் இருந்து குருதியை உறிஞ்சிப் பெருநாடியில் விடும் இம்பெல்லா போன்ற சுழல் பம்புகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் விதிகளும் வேறு. இங்கே சொல்லப்படுவதை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

1967இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் எட்ரியன் கன்ட்ரோவிற்ஸ் நோயாளிகளில் முதன்முதலாகப் பயன்படுத்திய இக்கருவி, பல தசாப்தங்களாக மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்குச் சென்ற எல்லோருக்கும் வழமையாகப் பொருத்தப்பட்டு வந்தது. 2012இல் வெளியான, 600 நோயாளிகளைக் கொண்ட ஜேர்மனிய ஆய்வொன்று, முப்பது நாள் இறப்பு இதனால் குறையவில்லை என்று காட்டிய பின்னர் அந்த வழமை தளர்ந்தது. ஆகவே இன்று உங்கள் கட்டிலுக்கு இந்தப் பம்போடு வருபவர், பெரும்பாலும் இதயத்தின் உட்சுவர் அல்லது வால்வைத் தாங்கும் தசை கிழிந்து சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவராகவோ, இதய நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுபடச் சிரமப்பட்டவராகவோ, ஆபத்து மிகுந்த ஸ்டென்ற் சிகிச்சைக்கு உட்பட்டவராகவோ இருப்பார். எந்தக் காரணத்துக்காக வைக்கப்பட்டது என்பதைப் பொறுப்பேற்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எப்போது எடுப்பார்கள் என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. பெருநாடி வால்வில் குறிப்பிடத்தக்க கசிவோ பெருநாடிச் சுவரில் கிழிவோ உள்ளவருக்கு இதை வைக்கக் கூடாது என்பதால், எக்கோ பரிசோதனையில் அவை இல்லை என உறுதிசெய்யப்பட்டதா என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம்.

கட்டிலைத் தயார்செய்தல்

கதீற்றர் செலுத்தும் கூடமான கெத்லாப்பிலிருந்து அழைப்பு வந்ததும், மின்பிறப்பாக்கியோடு இணைந்த சொக்கற் எட்டும் தூரத்தில் உள்ள கட்டிலைத் தெரிவுசெய்யுங்கள். அமுக்கப் பையும் அமுக்கத்தை அளக்கும் ட்ரான்ஸ்டியூசரும் பொருத்திய சேலைன், குருதியோட்டத்தை ஒலியாகக் கேட்கச்செய்யும் கைப்பிடி டொப்ளர், அழியாத மையுள்ள பேனை, ஒரு கிளாம்ப், 50 மில்லிலீற்றர் சிரிஞ்ச், உதிரி ஹீலியம் உருளையும் அதை மாற்றுவதற்கான திறப்பும் ஆகியவை கட்டிலருகே இருக்க வேண்டும். உருளை இருந்து திறப்பு இல்லாத நிலை எந்தப் பிரிவிலும் வரக்கூடியது. அதனால் திறப்பை இயந்திரத்திலேயே கட்டித் தொங்கவிடுவதே நல்லது.

நோயாளி வந்ததும், ஒப்படைக்கும் தாதியிடம் பின்வருவனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அவரைப் போகவிட வேண்டாம்: பலூனின் கொள்ளளவு, எந்தக் கால், தோல் மட்டத்தில் கதீற்றரில் தெரியும் சென்ரிமீற்றர் அடையாளம், குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கப்பட்ட அளவும் நேரமும், கடைசிக் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை, கதீற்றர் செலுத்துவதற்கு முன் இரு பாதங்களிலும் இருந்த நாடித்துடிப்பின் நிலை. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நம் நோயாளிகளில் நீரிழிவு உள்ளவர்கள் பலர். அவர்களுள் சிலருக்குப் பாதத் துடிப்பு முன்னரே மெலிந்தும் உணர்ச்சி குன்றியும் இருக்கும். முந்தைய நிலை தெரியாவிட்டால், நள்ளிரவில் துடிப்பைக் காணவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு எவரும் உரிய பெறுமதி கொடுக்க மாட்டார்கள். துடிப்பு உணரப்படும் இடத்தில் பேனையால் ஒரு குறி இட்டுவிடுங்கள்.

பலூனின் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ 162 சென்ரிமீற்றரில் இருந்து 183 வரையானவர்களுக்கு 40 மில்லிலீற்றர் பலூன் பொருந்தும்; அதைவிடக் குள்ளமானவர்களுக்குச் சிறியது வேண்டும். நம் நாட்டுப் பெண்களில் பலர் இந்த எல்லைக்குக் கீழே இருப்பதால், சிறிய உடம்பில் நீளமான பலூன் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலையாகாது. நீளம் கூடினால் அதன் அடிப்பகுதி சிறுநீரக நாடிகளையும் குடலுக்குச் செல்லும் நாடியையும் மறைக்கும். இட அமைவை உறுதிப்படுத்தும் நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்கப்பட்டு, வைத்தியரால் பார்க்கப்பட்டு, பதிவேட்டில் எழுதப்படும் வரை அமைவு சரியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நுனியில் உள்ள அடையாளம் இரண்டாம், மூன்றாம் விலா இடைவெளிகளின் மட்டத்தில் தெரிவதே வழமை.

அலையைப் படித்தல்

புதிதாக வருபவர்கள் இதில்தான் அதிகம் தயங்குகிறார்கள். இன்றைய இயந்திரங்கள் விரியும் நேரத்தையும் சுருங்கும் நேரத்தையும் தாமே கணித்துக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் ஈ.சி.ஜி. ஒட்டி கழன்றாலோ, இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனாலோ, ட்ரான்ஸ்டியூசருக்குள் காற்றுக் குமிழ் புகுந்தாலோ அந்தக் கணிப்பும் தவறும். தவறியதை முதலில் காண வேண்டியவர் கட்டிலருகே நிற்பவர்.

வைத்தியரின் அனுமதியோடு, பலூன் எத்தனை துடிப்புக்கு ஒருமுறை விரியும் என்ற விகிதத்தைச் சிறிது நேரம் 1:2 ஆக மாற்றுங்கள். இப்போது ஒரு துடிப்பு பம்பின் உதவியோடும் அடுத்தது உதவியின்றியும் மாறி மாறித் திரையில் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட முடியும். நாடி அலையின் இறங்குமுகத்தில் வால்வு மூடுவதைக் காட்டும் சிறு பள்ளத்தை, எல்லோரும் டைக்குரோட்டிக் நொச் என்று சொல்வதை, முதலில் கண்டுபிடியுங்கள். பலூன் விரிவதால் எழும் மேடு சரியாக அந்தப் பள்ளத்திலிருந்து கூராகக் கிளம்ப வேண்டும். அந்த மேட்டின் உச்சி, உதவி பெறாத துடிப்பின் சுருக்க அமுக்கத்தை விடப் பொதுவாக உயர்ந்திருக்கும். பிறகு மேடு இறங்கி முடியும் தாழ்ந்த புள்ளியைப் பாருங்கள். அது, உதவி பெறாத துடிப்பின் தாழ்ந்த புள்ளியை விடக் கீழே இருக்க வேண்டும். அதையடுத்து வரும் சுருக்க அமுக்கமும் சற்றுக் குறைந்திருந்தால், பலூன் இதயத்தின் சுமையைக் குறைக்கிறது என்று கொள்ளலாம்.

பிழைகள் நான்கு வகைப்படும். நான்கும் ஒரே அளவு ஆபத்தானவை என்று நினைக்க வேண்டாம். பலூன் தாமதமாக விரிந்தாலும், அளவுக்கு முந்திச் சுருங்கினாலும் கிடைக்க வேண்டிய பயன் குறையும். முன்னதில் பள்ளம் முழுதாகத் தெரிந்த பின்னரே மேடு எழும். பின்னதில் மேடு சட்டென விழுந்து, அடுத்த சுருக்கத்துக்கு முன் அகன்ற தாழ்வு ஒன்று தோன்றும். பள்ளத்துக்கு முன்பே பலூன் விரிந்தால் வால்வு நேரத்துக்கு முன் மூடப்பட்டு, இதயவறையில் குருதி தேங்கும். பலூன் தாமதமாகச் சுருங்குவதே எல்லாவற்றிலும் கேடானது: ஏற்கெனவே சோர்ந்த இதயம், விரிந்த பலூனை எதிர்த்துக் குருதியைத் தள்ள வேண்டியதாகிறது. மேட்டுக்குப் பின்வரும் தாழ்ந்த புள்ளி உதவி பெறாத துடிப்பின் தாழ்ந்த புள்ளிக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கக் கண்டால், விடியும் வரை காத்திராமல் உடனே வைத்தியரை அழையுங்கள். பார்த்து முடித்ததும் விகிதத்தைக் கட்டளையில் உள்ளவாறு மீண்டும் வைத்து, வைத்ததை எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டிலின் மேலுள்ள வழமையான மொனிற்றர், பலூன் எழுப்பும் மேட்டையே சுருக்க அமுக்கம் என்று எண்ணி இலக்கம் காட்டிவிடலாம். அந்த இலக்கத்தை நம்பி, அமுக்கத்தை உயர்த்தும் நோர்அட்ரினலினைக் குறைத்தால் நோயாளி பாதிக்கப்படுவார். பம்பின் திரையில் காணும் சுருக்க அமுக்கம், பலூன் எழுப்பிய தளர்வு அமுக்கம், இறுதித் தளர்வு அமுக்கம், சராசரி அமுக்கம் ஆகிய நான்கையும் தனித்தனி நிரல்களில் எழுதி, மருந்தின் அளவைச் சராசரி அமுக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கும்படி வைத்தியரிடம் கட்டளை பெற்றுக்கொள்ளுங்கள். கையில் கட்டும் தானியங்கிப் பட்டியின் அளவீட்டை இந்த நோயாளிகளில் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு மணித்தியாலமும்

பாதப் பரிசோதனையை முதல் மணித்தியாலத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், அடுத்ததில் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், பின்னர் மணிக்கொருமுறையும் செய்வது பல பிரிவுகளின் வழக்கம். இரு பாதங்களையும் ஒரே நேரத்தில் தொட்டு, வெப்பத்தையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். துடிப்பைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் டொப்ளரை எடுங்கள். விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். “மிஸ், கால் விறைக்குது” என்று நோயாளி சொன்னால், நெடுநேரம் படுத்திருப்பதால் வந்தது என்று நீங்களாகவே முடிவெடுக்க வேண்டாம். கால் குளிர்ந்து, வெளிறி, துடிப்பின்றி இருந்தால் அது மணித்தியாலக் கணக்கில் காலை இழக்கச் செய்யும் நிலை. வைத்தியருக்கு உடனே அறிவித்து, அறிவித்த நேரத்தையும் எழுதுங்கள்.

அடுத்து இடது மணிக்கட்டு. அங்கே துடிப்பு மெலிந்தாலோ மறைந்தாலோ பலூன் மேலே நகர்ந்து கைக்குச் செல்லும் நாடியை மறைத்திருக்கலாம். சிறுநீர் திடீரெனக் குறைந்தால் அது கீழே இறங்கியிருக்கலாம். வயிற்று வலியும் வீக்கமும், ஒட்சிசன் போதாதபோது குருதியில் கூடும் லக்ரேற் ஏறுவதும் குடலுக்குக் குருதி போகாமையைக் காட்டக்கூடும். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் தோல் மட்டத்துச் சென்ரிமீற்றர் அடையாளத்தை முதலில் பார்த்து, எக்ஸ்-ரே எடுப்பது பற்றிக் கேளுங்கள்.

கவட்டில் உள்ள காயக் கட்டுத்துணியை மேலிருந்து பார்ப்பது போதாது. கசியும் குருதி தொடைக்கும் விரிப்புக்கும் இடையே பின்னால் தேங்கும். கையைப் பின்புறம் விட்டுப் பாருங்கள். வெளியே ஒரு துளியும் தெரியாமல் முதுகு வலியும் தாழும் அமுக்கமும் குறையும் ஹீமோகுளோபினும் சேர்ந்து வந்தால், வயிற்றறைக்குப் பின்னால் குருதி தேங்குவதாகச் சந்தேகிக்க வேண்டும். கிழிப்பதுபோன்ற முதுகு வலி பெருநாடிச் சுவர் பிரிவதாலும் வரலாம். சிறுதட்டு எண்ணிக்கையை நாள்தோறும் பார்க்க வேண்டும். பலூனின் உராய்வாலும் ஹெப்பாரினாலும் அது குறையும்.

கதீற்றரின் நடுத்துவாரத்தின் வழியாக அமுக்கம் அளக்கப்படுகிறது. அதன் நுனி தலைக்குச் செல்லும் நாடிகளுக்கு அண்மையில் இருக்கிறது. அதிலிருந்து குருதி எடுக்க வேண்டாம். சிரிஞ்சால் வலிந்து தள்ளவும் வேண்டாம். ஒரு சிறு குருதிக்கட்டியோ காற்றுக் குமிழோ அங்கிருந்து நேரே மூளைக்குப் போகலாம்.

தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தக் கூடாது. கதீற்றர் உள்ள காலை இடுப்பில் மடிக்கக் கூடாது. புரட்டும்போது உடம்பை ஒரு கட்டையாகவே திருப்ப வேண்டும். மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ மாற்றப்பட்டு வந்த, தமிழ் மட்டுமே பேசும் முதியவருக்கு இதைச் சிங்களத்தில் சைகையோடு சொல்லிவிட்டுப் போனால் அவர் இரவில் காலை மடிப்பார். விடுதியில் தமிழ் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அந்தக் கட்டில் உங்கள் பொறுப்பில் இல்லாவிட்டாலும், “ஐயா, இந்தக் காலை மடக்காதீங்க, வலிச்சா உடனே கூப்பிடுங்க” என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள். பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அன்பு மிகுதியால் தலையணையை உயர்த்திவிடுபவர்கள் அவர்கள்தாம்.

அலாரம் ஒலிக்கும்போது

ஒலியை நிறுத்தும் பொத்தானுக்குக் கை போவதற்கு முன் கண் நோயாளியிடம் போகட்டும்: விழிப்பாக இருக்கிறாரா, சராசரி அமுக்கம் எவ்வளவு. பிறகு குழாயை நோயாளியிலிருந்து இயந்திரம் வரை கண்ணால் தொடருங்கள். இதயத் துடிப்போடு இசைந்து ஓட இயந்திரத்துக்கு வேண்டிய சமிக்கையான தூண்டல் கிடைக்கவில்லை என்ற அலாரத்துக்குப் பெரும்பாலும் வியர்வையில் கழன்ற ஈ.சி.ஜி. ஒட்டியே காரணமாக இருக்கும். குழாய் மடிந்திருப்பதாகச் சொல்லும் அலாரத்துக்கு மடிந்த கால். ஹீலியம் குறைந்தால் உருளையை மாற்றுங்கள்.

வாயுக் கசிவு அலாரத்தை மட்டும் வேறாக நடத்த வேண்டும். குழாயின் உட்புறத்தில் ஈரத்துளிகள் படிவதுண்டு, அவை நிறமற்றவை. செம்பழுப்புத் துகளோ குருதியோ தெரிந்தால் பலூன் கிழிந்துவிட்டது. பம்பை நிறுத்தி, குழாயைக் கிளாம்ப் இட்டு, இயந்திரத்திலிருந்து கழற்றி, வைத்தியரை அழையுங்கள். எக்காரணம் கொண்டும் மீண்டும் இயக்க வேண்டாம்: ஹீலியம் குருதியோட்டத்தில் புகும். பலூனுக்குள் புகுந்த குருதி உறைந்து இறுகினால் அதை வெளியே எடுக்கச் சத்திரசிகிச்சையே தேவைப்படலாம்; ஆகவே அதைத் தாமதமின்றி அகற்ற வேண்டும்.

கிழிவு இல்லாத நிலையில் பம்ப் வேறு காரணத்தால் நின்றால், அசையாத பலூனின் மேல் குருதி உறையத் தொடங்கும். 30 நிமிடத்துக்கு மேல் அதை அசைவின்றி விடக் கூடாது. அதற்குள் இயக்க முடியாதென்று தெரிந்தால், சிரிஞ்சால் முதலில் பின்னிழுத்துக் குருதி வரவில்லை என்று உறுதிசெய்தபின், உங்கள் பிரிவின் நடைமுறை சொல்லும் அளவிலும் இடைவெளியிலும் கையால் பலூனை விரித்துச் சுருக்க வேண்டும். இதை முதன்முறையாகத் தனியே செய்ய முற்படாமல், முன்கூட்டியே மூத்த தாதியிடம் செய்துகாட்டக் கேளுங்கள்.

2022இல் நாடெங்கும் நீண்ட மின்வெட்டுகள் வந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், பெட்டரியைச் சோதிக்காமல் கடமையைப் பொறுப்பேற்க மாட்டார்கள். முழு மின்னேற்றத்தில் உள்ள நல்ல பெட்டரி ஒன்றரை மணித்தியாலம் அளவில் தாங்கும். பழையதின் ஆயுளை அது தீர்ந்த பிறகே அறிய நேரும். நோயாளியை ஸ்கேனுக்கோ சத்திரசிகிச்சைக்கூடத்துக்கோ கொண்டுபோகும்போது, மின்தூக்கியில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்துவதைப் பம்புக்காகத் தாமதிக்க வேண்டாம். அழுத்தத்தால் எழும் நாடி அலையைக் கொண்டு பம்பை ஓடவிடும் அமுக்கத் தூண்டலுக்கு மாற்றலாம். இயந்திரம் தன் சொந்த வேகத்தில் ஓடும் உட்தூண்டலை, இதயத்துக்குச் சொந்தத் துடிப்பே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். துடிப்பு திரும்பிய கணமே அதை ஈ.சி.ஜி. தூண்டலுக்கு மாற்றாவிட்டால் பலூன் இதயத்தோடு மோதும். மின்னதிர்ச்சி கொடுக்கும்போது கட்டிலிலிருந்து மட்டுமன்றி, பம்பிலிருந்தும் அதன் வயர்களிலிருந்தும் எல்லோரும் விலகி நிற்க வேண்டும்.

அகற்றும் நாள்

மருந்துகளின் அளவு குறைந்து, லக்ரேற் இறங்கி, சிறுநீர் ஒழுங்காகும்போது விகிதம் 1:2, பின்னர் 1:3 எனக் குறைக்கப்படும். 1:3இல் பலூன் மூன்று துடிப்புக்கு ஒருமுறையே அசைவதால் நீண்ட நேரம் அப்படி விடக் கூடாது. அகற்றுவதற்கு எவரும் வரத் தாமதமானால், 1:1க்குத் திருப்பலாமா என்று கேளுங்கள். அகற்றுவது வைத்தியரின் வேலை. ஹெப்பாரின் உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டதையும், உறைதல் பரிசோதனையும் சிறுதட்டு எண்ணிக்கையும் பார்க்கப்பட்டதையும் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். பம்ப் நிறுத்தப்பட்டுக் குழாய் கழற்றப்பட்டபின், கதீற்றர் நுழைவதற்காக நாடியில் வைக்கப்பட்ட உறைக்குள் பலூனை இழுக்க முயலாமல் உறையையும் கதீற்றரையும் ஒன்றாகவே வெளியே எடுப்பார்கள். அதன்பின் குறைந்தது 30 நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இடையே கையை எடுத்து எட்டிப் பார்த்தால் நேரத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள். அழுத்தும்போதும் பாதத் துடிப்பு முற்றாக மறையாதவாறு இன்னொருவர் டொப்ளரோடு நிற்பது நல்லது.

எடுத்த பலூன் முழுமையாக இருக்கிறதா என்று வைத்தியரோடு சேர்ந்து பார்த்துப் பதிவுசெய்யுங்கள். பாதப் பரிசோதனையை மீண்டும் 15 நிமிட இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். எடுக்கும்போது நகர்ந்த குருதிக்கட்டி சில மணித்தியாலங்கள் கழித்துக் கால் நாடியை அடைக்கலாம். இயந்திரத்தைத் துடைத்து, ஹீலியம் உருளையின் வால்வை மூடி, மீதியுள்ள வாயுவின் அளவைப் பதிவேட்டில் எழுதி, சொக்கற்றில் செருகி மின்னேற விடுங்கள்.